உம்மணா வாயைத் திறந்த வாரம்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஸ்டோர் கிளார்க் தான்தான் என்பார். வேன் டிரைவர் அதெல்லாம் இல்லை, நான்தான் என்பார். யார் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். நெடிய உடம்பு, அகன்ற தோள், இருபத்தாறு வயது, கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்த மாதிரி இருப்பான். சாப்பிட்டாயா என்றால் "உம்". சம்பளம் வந்ததா என்றால் "உம்". லிஃப்டுக்குள் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஓடு என்றால் அதற்கும் ஒரு "உம்" போட்டுவிட்டுத்தான் ஓடுவான். நாளடைவில் மூஞ்சி கழன்று விழுந்து உம்மணா மட்டும் நின்றது.

இப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். லிஃப்ட் ரிப்பேர் என்பது கத்திக்கொண்டே செய்ய வேண்டிய ஜோடி வேலை. ஒருவன் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் ரூமில் நிற்பான். இன்னொருவன் லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டுக்குள், பெட்டியின் கூரைமேல் நிற்பான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது. நடுவில் இரும்புக் கயிறு இறங்குகிற ஓட்டை மட்டும்தான். கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டுமென்றால் மேலே இருப்பவன் பிரேக்கை விட வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். எப்போது என்று கூரைமேல் நிற்பவன் கத்துவான். "விடு" என்று இவன் கத்த, "விடுறேன்" என்று அவன் திருப்பிக் கத்திய பிறகுதான் கை லீவரில் போக வேண்டும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுக்கிற சட்டம் இது.

அந்தச் சட்டத்தை உம்மணாவும் அவன் ஜோடி சுருட்டையும் எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். நாலு வருஷமாக ஒரே ஜோடி. மேலே நிற்பது சுருட்டை, பெட்டிமேல் நிற்பது உம்மணா. கயிற்றில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், சில நாள் அதுவும் வேண்டாம். கயிறு அதிர்வதை வைத்தே சுருட்டை புரிந்துகொள்வான். மற்ற ஜோடிகள் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போகும்போது இவர்கள் இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் வேலையை முடித்துவிட்டு இறங்குவார்கள். இதில் உம்மணாவுக்குத் தாங்க முடியாத பெருமை.

பெருமைக்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. நேராகவே சொல்லிவிடலாம்: உம்மணாவுக்குச் சுருட்டைமேல் காதல். நட்பு, பாசம் என்று பூசி மெழுக இதில் ஒன்றும் இல்லை. சுருட்டை ஒல்லி; தலையில் சீப்பு நுழையாது; வேனில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் தோள்மேல் சாய்ந்து தூங்கிவிடுவான். அந்தத் தோள் தன் தோளாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உம்மணா காலையில் முண்டியடித்துக்கொண்டு வேனில் இடம் பிடிப்பான்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சுருட்டை சொல்லியிருந்தான்: "எனக்குப் பசங்களைத்தான்டா பிடிக்கும். பொண்ணுங்க இல்ல. இது பிடிக்கலைன்னா நீ வேற ஜோடி கேட்டுக்கோ, நான் தப்பா நினைக்க மாட்டேன்." உம்மணா அவனையே பார்த்தான். தன் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவனிடம் நீட்டினான். எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். சுருட்டையோ, ரொட்டி கிடைத்தது என்று தின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. தன் மனசு அவனுக்குத் தெரியும், அவன் மனசும் இதேதான், இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது சினிமாக்காரன் வேலை என்று உம்மணா பாட்டுக்கு நிம்மதியாக இருந்தான். நடுவில் வந்து சேர்ந்தான் வக்கீல்.

நிஜ வக்கீல் இல்லை. அவனும் மெக்கானிக்தான், இவர்கள் வயசுதான். எதற்கெடுத்தாலும் பாயிண்ட் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். பெரிய வேலைகளுக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் அவனை இவர்களோடு சேர்த்துவிட்டார். கீழ்த்தளத்தில் நின்று கதவுக்கு அருகே யாரும் வராமல் பார்த்துக்கொள்வது, ஷாஃப்டின் அடிக்குழியில் இறங்கிச் சுத்தம் செய்வது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கிற குடியிருப்புக்காரர்களோடு வாதாடுவது எல்லாம் அவன் பொறுப்பு. மூன்றாவது ஆளாக இருப்பதற்கென்றே பிறந்தவன். மூன்று பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகூடச் சேர்ந்துதான் சுற்றினார்கள். வக்கீல் ஏதாவது சொல்வான், சுருட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், உம்மணா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நடப்பான். சிரிப்பு அதிகமாகிற நாட்களில் அவனுக்கு உள்ளே கசக்கும். போகட்டும், வேனில் என் தோள்மேல்தானே தூங்குகிறான் என்று தன்னைத் தேற்றிக்கொள்வான்.

அந்த வாரம் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் கயிறு மாற்றும் வேலை. திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் வந்து சுருட்டையைக் கூப்பிட்டார். வேறொரு நகரத்தில் புது டவர் கட்டுகிறார்கள், ஒரு வருஷ வேலை, தங்க அறை கம்பெனியே தரும். "நீ போற. கூட ஒரு ஆள் போகணும். யார்னு நீயே சனிக்கிழமைக்குள்ள சொல்லு" என்றார். பக்கத்தில் இருந்த உம்மணாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷம், ஒரே அறை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, நான்தான் என்று மனசுக்குள் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிவிட்டான்.

மறுநாள் டீக்கடையில் வக்கீல் அவனைத் தனியாக இழுத்துப்போனான்.

"இங்க பாரு உம்மணா. உனக்கு அவன்மேல இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லாட்டி தெரியாதா? உன் கண்ணு சொல்லுது. எனக்கும் இருக்கு. முதுகுக்குப் பின்னாடி வேலை பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால உங்கிட்ட முதல்ல சொல்றேன். வெள்ளிக்கிழமை நான் அவன்கிட்ட கேக்கப்போறேன். நீ கேக்கிறதா இருந்தா அதுக்குள்ள கேட்டுடு. நீதான் அவனோட பழைய ஜோடி, உனக்குத்தான் முதல் உரிமை."

உம்மணா டீயைக் குடித்தான்.

"ஏதாவது சொல்லுடா. ரெண்டு அடியாவது அடி. இப்படி நின்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"உம்" என்றான் உம்மணா. கேட்பதாம், உரிமையாம். எனக்கும் அவனுக்கும் நடுவில் கேள்வியே தேவையில்லை, இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு டம்ளரை வைத்தான்.

புதன்கிழமை அந்த நினைப்புக்கு விழுந்தது அடி.

பெட்டி நடு மாடியில் நின்றிருந்தது. உம்மணா கூரைமேல். துடைக்கிற துணி ஒன்று நழுவிப் பெட்டிக்கும் பக்கத்து இரும்புத் தாங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. குனிந்து முழங்கைவரை கையை உள்ளே விட்டு இழுத்தான். மேலே ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நான் குனிந்திருக்கிறேன் என்று சுருட்டைக்குத் தெரியாதா என்ன? குனிந்தபோது அவன் பெல்ட்டில் இருந்த ஸ்பானர் கயிற்றில் இடித்தது. மேலே சுருட்டை அதைத் தட்டு என்று எடுத்துக்கொண்டு பிரேக்கை விட்டான். காலிப் பெட்டி பிரேக்கை விட்டால் கீழே போகாது; மறுபக்கம் தொங்குகிற எடை கனமானது, அதனால் மேலே எழும்பும். எழும்பியது. சட்டைக்கை மாட்டிக் கிழிந்தது. உம்மணா உடம்பையே பின்னால் எறிந்து கையைப் பிடுங்கினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்துபோயிற்று. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் கை இல்லை. அப்போதுதான் அவன் கத்தினான். வார்த்தையாக இல்லை, வெறும் சத்தமாக.

சுருட்டை படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். எலும்பு தப்பித்தது என்று தெரிந்ததும் அவனுக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"ஏன்டா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்? சுவரைத் தாண்டிப் பார்க்கிற கண்ணா எனக்கு? நாலு வருஷமா நீ என்ன நினைக்கிறன்னு நான் குத்துமதிப்பா ஊகிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இன்னிக்கு உன் கைய வெட்டியிருப்பேன். தெரியுமா உனக்கு? உன் கைய நானே வெட்டியிருப்பேன்."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான். வக்கீல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்து சுருட்டையின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டான். உம்மணா கையில் ரத்தம் சொட்ட நின்றான். வலியைவிட அந்த ஒரு வார்த்தைதான் குடைந்தது. ஊகித்துக்கொண்டிருந்தானாம். அப்படியானால் நாலு வருஷமாகத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தேனா?

வீட்டில் அக்கா கட்டுப் போட்டாள். அம்மா அப்பா போன பிறகு அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான். அவளுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை. பகலெல்லாம் பேசிவிட்டு வந்தும் பேச்சு மிச்சம் இருக்கும்.

"என்ன, லிஃப்டு கடிச்சிடுச்சா?" என்றாள். அவன் சிரிக்கவில்லை என்றதும் கட்டை இறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அந்தச் சுருட்டைப் பையனா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா பார்க்கிற? உன் வாயிலேர்ந்து வர்ற வார்த்தையே பத்து. அதுல எட்டு அவன் பேரு. எனக்குத் தெரியாதா?"

"அவனுக்கும் தெரியும்னு நினைச்சேன்கா."

"நான் உன் அக்கா. உன் மூஞ்சியப் படிச்சே வளர்ந்தவ. அவனுக்கு என்னடா தலையெழுத்து? ஆசைப்பட்டவன் நீ, நீதான் சொல்லணும்." கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவன் தலையைக் கோதினாள். "மாமா காதுல இப்ப எதுவும் போட வேணாம். அதுக்கு நேரம் பார்த்து நான் பேசிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

உம்மணா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். வாளியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். வரவில்லை. மறுபடி சொன்னான். "யார்கிட்டடா பேசுற?" என்று அக்கா வெளியிலிருந்து கேட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் சொன்னான். ஆகட்டும், நாளைக்குச் சொல்லியே தீருவது, நாக்கு ஒட்டிக்கொண்டால் பிய்த்தாவது சொல்வது என்று ஒற்றைக் காலில் நின்றான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் ரூமுக்கு ஏறினான். சுருட்டை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு உன்மேல ஆசை" என்றான் உம்மணா. முன்னுரை ஒன்றும் இல்லை; அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நட்பா இல்ல. அந்த மாதிரி ஆசை. நாலு வருஷமா. உனக்குத் தெரியும்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன். உனக்கும் என்மேல இருக்கா?"

சுருட்டை துணியைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். கண்ணில் நீர் கட்டியது. பக்கத்தில் வந்து, கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தொட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளைக்கு முன்னால் என்றால் உம்மணா அந்தத் தொடுகையை வைத்துக்கொண்டே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பான். இப்போது கையை இழுத்துக்கொண்டான்.

"வாயால சொல்லு. தொட்டா நான் எனக்குத் தோதா எடுத்துக்குவேன். இருக்குன்னா இருக்குன்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

"இல்லடா" என்றான் சுருட்டை. "நீ எனக்கு உசுரு. ஆனா அந்த மாதிரி இல்ல. எனக்கு வக்கீலைத்தான்... அவனைப் பார்த்தா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஊர்ல உள்ளதெல்லாம் பேசுறான், இதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசினதில்ல. என்மேல ஒண்ணும் இல்லபோல அவனுக்கு." மூக்கை உறிஞ்சினான். "நானாப் போய்க் கேட்டு, அவன் அதையும் ஒரு ஜோக்காக்கிட்டான்னா என்னால தாங்க முடியாது. போகட்டும். நீயே என்கூட வா. நேத்து அப்படி நடந்தாலும், நாலு வருஷம் பழகின உன்னைத் தவிர வேற எவனையும் நம்பிப் பிரேக்கைப் பிடிக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒரு வருஷம். வருவியா?"

வக்கீலுக்கும் உன்மேல்தான், என்னிடமே சொன்னான் என்று ஒரு வார்த்தை. அது உம்மணாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. மென்று விழுங்கினான். அதை அவனே சொல்லட்டும், வெள்ளிக்கிழமை கேட்கிறேன் என்று சவால் விட்டவன்தானே, நான் எதற்கு நடுவில் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். "வர்றேன்" என்று சுருட்டையிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வக்கீல் வாயே திறக்கவில்லை. மூன்றாவது மாடி அம்மா வந்து லிஃப்ட் எப்போது ஓடும் என்று சண்டை பிடித்தபோதுகூட, "சாயங்காலம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அந்த அம்மாவுக்கே ஏமாற்றம். பிற்பகல் உம்மணா அடிக்குழிக்கு இறங்கியபோது, வக்கீல் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டான் எங்கிட்ட" என்றான் தலை நிமிராமல். "உன்னைத்தான் கூட்டிட்டுப் போறானாம். நீ கேட்டுட்டபோல. சந்தோஷம்டா. நிஜமாத்தான் சொல்றேன். முகத்தைப் பார்த்து சொல்ல முடியல, அவ்வளவுதான்."

"நீ கேட்டியா?"

"எங்க கேட்டேன்? காலையில மூணு தடவை படியேறிப் போனேன். கதவுகிட்ட போனதும் ஒரு வார்த்தை வரல. ஸ்க்ரூ டிரைவர் இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். பாரு, மூணு ஸ்க்ரூ டிரைவர் கிடக்கு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சரி விடு. கேட்டு என்ன ஆகப்போகுது? அவன் மனசுல நீ இருக்க. நான் நாளைலேர்ந்து வேற டீமுக்குப் போயிடறேன்."

உம்மணா குழியின் சுவரில் சாய்ந்தான். இப்போது அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்ததைச் செய்தால் போதும். வாயை மூடிக்கொண்டு ஒரு தலையசைப்பு. ஒரு வருஷம், ஒரே அறை, வேனில் தோள்மேல் அந்தத் தலை. வக்கீல் போய்விடுவான், சுருட்டை மெல்ல மறந்துவிடுவான், யார் கண்டார்கள், ஒருநாள் தன் பக்கம் திரும்பினாலும் திரும்புவான். பொய் சொல்லவேகூட வேண்டாம். அவ்வளவு சுலபம். வேண்டும் என்று அவன் உடம்பு முழுக்கக் கதறியது.

ஒரு வருஷம் ராத்திரி பகல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இதை உள்ளே வைத்துக்கொண்டு இருப்பதா? சீ என்று இருந்தது. வக்கீல்மேல் இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனை நாலு அறை அறையலாம்போலத்தான் இருந்தது. தன்மேலும்தான் கோபம்.

"எழுந்திருடா" என்றான்.

"என்ன?"

"நான் கேட்டேன். இல்லைன்னுட்டான். அவன் மனசுல நான் இல்ல, நீதான். அவன் வாயாலேயே சொன்னான். உனக்கு அவன்மேல ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கான். உனக்கும் இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நேத்து நான் சொல்லல. வேணும்னுதான் சொல்லல. இப்ப சொல்றேன். நான் அவன்கூடப் போகல."

வக்கீல் பேயறைந்தவன்போல நின்றான். நாலு ஆள் பேச்சைத் தனியாளாகப் பேசுகிற வாய் திறந்தது, மூடியது.

"உம்மணா, நீ..."

"எனக்கு ஆறுதல் சொல்லாத. நீ சொன்னா நான் இங்கேயே உட்கார்ந்துடுவேன். ஏறிப் போ. இன்னொரு ஸ்க்ரூ டிரைவரோட இறங்கி வந்தேன்னா இந்தக் குழியிலேயே வச்சுப் பூட்டிடுவேன்."

வக்கீல் அவனைக் கட்டிப்பிடித்தான், விட்டான், ஏணியில் ஏறினான். படிகளில் அவன் ஓடுகிற சத்தம் மாடி மாடியாக மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு எங்கோ உச்சியில் ஒரு கதவு திறந்து சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் சத்தம் வரவில்லை, யாரும் இறங்கியும் வரவில்லை. உம்மணா குழியில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். போதும் என்று தோன்றியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தான்.

"சார், எனக்கு வேற ஜோடி வேணும். திங்கட்கிழமைலேர்ந்து. டவர் வேலைக்கு நான் போகல. யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு சுருட்டை உங்ககிட்ட சொல்லுவான்."

"ஏம்பா, நாலு வருஷ ஜோடி. என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

சண்டை என்று சொன்னால் முடிந்தது. கம்பெனியில் ஜோடி பிரிவதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் அதுதான். யாரும் மேலே கேட்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடலாம் என்பதும் அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"சண்டை இல்ல சார். எனக்கு அவன்மேல காதல். அவன்கிட்டயே சொல்லிட்டேன். அவனுக்கு என்மேல இல்ல. அவன்மேல தப்பு எதுவும் இல்ல. ஆனா இனிமே ஒரே லிஃப்டுல அவன்கூட நிக்க என்னால முடியாது. மனசு ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் போகும். யாருக்காவது அடிபடும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தான். கட்டாகவில்லை. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவது கேட்டது. உம்மணா காத்திருந்தான், ஒரு வார்த்தைகூடத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"எரியுது சார்."

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வா. ஜோடி போட்டுத் தர்றேன்" என்றார்.